மாலையானால் இழுக்கும் நெட்: புது ரவுட்டர் வாங்கும் முன்

நண்பர் கேட்டது இது. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. காலையில் நன்றாக இருக்கிறது. மாலை 7 மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, மகளின் ஆன்லைன் வகுப்பு நடுவில் அறுந்துபோகிறது. சேவை மையத்தைக் கூப்பிட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார்கள். புது ரவுட்டர் வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். ரவுட்டரே காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து அப்படித்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. "நெட் வரலை" என்று நாம் சொல்லும்போது அதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்று. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நடுவே ஒரு குட்டை கேபிள் (இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் இது இல்லை). ஃபைபர் பெட்டியிலிருந்து தெருக்கம்பங்கள் வழியாக நிறுவனத்தின் நிலையம் வரை கண்ணாடி இழை. அதற்கும் அப்பால் வெளியுலகம். இந்த நான்கில் எது பழுது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் குத்தினால் நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடக்கூடும். அப்புறம் அரைகுறையாக வந்துகொண்டிருந்த நெட்டும் வராது, ஆள் வந்து பதியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

சரி, விளக்குகளிலிருந்து தொடங்கலாம். நெட் நின்றிருக்கும் அந்த நிமிடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும், திரும்ப வந்தபின் பார்த்துப் பயனில்லை. கையோடு ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'பான்' (ஆங்கிலத்தில் பி, ஓ, என்) என்று எழுதியிருக்கும் விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால், நிலையத்திலிருந்து ஒளி வருகிறது, உங்கள் பெட்டியும் அங்கே பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெட்டி பதிவாக முயன்றுகொண்டிருக்கிறது. 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வரவில்லை, அல்லது போதிய அளவு வரவில்லை. பான் நிலையாக எரிந்தும் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், கம்பியில் குறையில்லை. லாகின் சிக்கல், அல்லது பில் கட்டாமல் நிறுத்தியிருக்கிறார்கள். பில் தேதியை முதலில் பார்த்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

ஒளியின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விட்டு விட்டு வரும் கோளாறுகளுக்கு இது ஒரு பெரிய காரணம். வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறைதான். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 32 ஆகப் பிரித்தாலே ஒவ்வொரு வீட்டுக்கும் வருவது புறப்பட்ட ஒளியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்கு மேல் ஒவ்வொரு இணைப்பிலும் வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இந்த அளவை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு சொல்வார்கள். பெட்டிக்கு வரும் ஒளி மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 20 வாக்கில் இருந்தால் நிம்மதி. 3 எண் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நிற்கும் வீட்டில்தான் இந்தக் கண்ணாமூச்சி நடக்கும்: காற்றில் கேபிள் ஆடினால் போகும், ஆட்டம் நின்றால் வரும். சேவை மையத்தில் இருப்பவர் பார்க்கும் நேரத்தில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் பல பெட்டிகளில் உள்ளே நுழையும் பக்கம் வரும். முகவரியும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே ஆப்டிகல் தகவல் என்ற பகுதியில் இந்த எண் இருக்கும். நிறுவனம் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால், லைன் பார்க்க வருபவரின் பவர் மீட்டரில்தான் பார்க்க முடியும்.

வீட்டுக்குள் ஃபைபரில் நீங்கள் பார்க்கக்கூடியது குறைவு, ஆனால் பார்க்க வேண்டியது. அந்த மெல்லிய ஒயர் கதவிடுக்கில் நசுங்குகிறதா, பீரோவுக்குப் பின்னால் மடிந்திருக்கிறதா, மீந்த நீளத்தை யாராவது இறுக்கமாகச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்களா? தண்ணீர் டம்ளர் அளவுக்காவது தளர்வான சுற்றாக விடுங்கள். மின்கம்பியை மடிப்பதுபோல மடித்தால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும், இழையே உடையவும் கூடும். பெட்டியில் செருகும் தலை பச்சையாக இருந்தால் அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலத் தலைக்கு அந்தச் சாய்வு கிடையாது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் ஒளி வீணாகும். முனையை விரலால் தொடாதீர்கள். கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் தீங்கில்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

வெளியே அறுந்திருந்தால் உங்களால் ஆவது எதுவுமில்லை. அணில் கடித்திருக்கும், வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துப் போயிருக்கும், மின்வாரியத்தார் கிளை வெட்டும்போது கேபிளும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வந்து இழையை உருக்கி ஒட்டினால்தான் சரியாகும்.

அடுத்து பெட்டியின் மின்சாரம். இதைச் சோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு நடப்பதுபோலவே மாலையில்தான் நெட் போகும், இரண்டு நிமிடத்தில் தானே வந்துவிடும். இரண்டு முறை ஆள் வந்து பார்த்து "லைன் சரியாக இருக்கிறது" என்று போய்விட்டார். நான் போனபோது பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து 'அப்டைம்' என்ற வரியை, அதாவது பெட்டி தொடர்ந்து எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதைப் பார்த்தேன், 25 நிமிடம் என்று காட்டியது. யாரும் அதை அணைக்கவில்லை, கரண்டும் போகவில்லை. அப்படியானால் பெட்டி தானாகவே அணைந்து உயிர் பெற்றிருக்கிறது. அடாப்டரைப் புரட்டிப் பார்த்தால் 12 வோல்ட், 0.5 ஆம்பியர். பெட்டிக்குத் தேவை 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அதன் அடியிலேயே எழுதியிருந்தது. பழைய அடாப்டர் எப்போதோ போனபோது, செட்டாப் பாக்ஸின் அடாப்டர் பொருந்துகிறதே என்று யாரோ செருகியிருக்கிறார்கள். பகலில் ஒரே ஒரு கைப்பேசி இருக்கும்போது அது தாக்குப்பிடித்தது. மாலையில் டிவி, மூன்று கைப்பேசி, லேப்டாப் எல்லாம் வைஃபையில் ஏறியதும் பெட்டி கேட்ட மின்சாரத்தை அதனால் தர முடியவில்லை. அடாப்டரை மாற்றினோம், அன்றோடு நின்றது.

ஆகவே அறுந்தவுடன் அப்டைம் பாருங்கள். பெட்டி பல நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் கோளாறு லைனில் அல்லது வைஃபையில். சில நிமிடம்தான் என்று காட்டினால் அடாப்டர், பிளக், யுபிஎஸ், அல்லது பெட்டியின் சூடு. புதிதாக வாங்கும் அடாப்டரில் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் தரும் சோதனைக்கு வருகிறேன். மற்றதற்கெல்லாம் நேரமில்லை என்றாலும் இதையாவது செய்யுங்கள். மாலையில் நெட் இழுக்கும் நேரத்தில் லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தைத் திறங்கள். பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு உங்கள் ரவுட்டரின் முகவரி, அதாவது 192.168.1.1 அல்லது உங்கள் பெட்டியில் எழுதியிருப்பது. மறுபடி இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி, ஒட்டினாற்போல் ஆங்கிலச் சின்ன எழுத்து டி. விண்டோஸில் இது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு சாளரம் திறந்து அதே கட்டளையை கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓடவிடுங்கள். முதல் சாளரம் உங்கள் கூடத்தில் இருக்கும் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறது. இரண்டாவது வெளியுலகைத் தட்டிப் பார்க்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

முதல் சாளரத்தில் பதில் வர ஆகும் நேரம் 1, 2, 5 மில்லிசெகண்டாகச் சீராக ஓட, இரண்டாவதில் மட்டும் 300, 500 என்று எகிறினாலோ பதிலே வராமல் போனாலோ, உங்கள் வைஃபை குற்றமற்றது. சிக்கல் ரவுட்டருக்கு அப்பால். முதல் சாளரமே 200, 400 என்று தள்ளாடினால் சிக்கல் வீட்டுக்குள், காற்றில். அப்போது சேவை மையத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. இரண்டும் சீராக ஓடியும் தளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவை பழுது. ரவுட்டரிலோ லேப்டாப்பிலோ அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிக்கொள்ளலாம், இலவசம்தான். டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். பெயரைத் தேடும் நேரம் சற்றுக் குறையும், வீடியோ ஓடும் வேகம் அதனால் இரட்டிப்பாகாது.

முதல் சாளரம் தள்ளாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் நன்றாக இருந்த வைஃபை மாலையில் ஏன் கெடுகிறது? பக்கத்து வீட்டார் எல்லாம் வீடு திரும்பியிருக்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஓர் அடுக்ககத்தில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலைவரிசைதான், 2.45 கிகாஹெர்ட்ஸ். ரவுட்டருக்கு அருகில் அதை ஓடவிட்டால் அந்த இரண்டு நிமிடம் வீடியோ கால் திணறக்கூடும்.

இதற்கு வழி, ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்குத் தனிப் பெயர் வைத்து, டிவியையும் லேப்டாப்பையும் அதில் சேர்த்துவிடுவது. அதில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும் வலு அதற்குக் குறைவு, நம் ஊர் செங்கல் சுவரில் இரண்டு தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4இல் இருந்தே ஆக வேண்டிய கருவிகளுக்கு 1, 6, 11இல் எது காலியோ அதை வையுங்கள். யாரும் இல்லையே என்று 3, 4 என நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்குத்தான்.

அதைவிட முக்கியம் பெட்டி இருக்கும் இடம். கேபிள் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வாசல் நிலைக்கு மேலே இருக்கும், அல்லது டிவி ஷோகேஸுக்குள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். நடுவில் இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் அலை அங்கேயே அடிபடும். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஃபைபர் அவ்வளவு தூரம் எட்டாது என்றால், பெட்டியை அங்கேயே விட்டு ஒரு லேன் கேபிளை நடுக்கூடம் வரை இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபை மட்டும் தரும் பெட்டியாக வைக்கலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பிளக்கில் செருகும் மலிவான எக்ஸ்டெண்டரை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில்தான், எனவே வேகம் பாதியாகும். பழைய ரவுட்டரை இப்படிச் சேர்க்கும்போது அதில் டிஹெச்சிபி என்பதை, அதாவது கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கினால், சில கருவிகள் வைஃபையில் இணைந்தும் நெட் இல்லாமல் நிற்கும். கருவிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், அதற்கு ஒருவருமே முகவரி தரவில்லை என்று பொருள்.

இப்போது மறுபக்கம்: முதல் சாளரம் சீர், இரண்டாவது தள்ளாடுகிறது. உடனே நிறுவனத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள், இன்னும் ஒரு படி இருக்கிறது. மாலை 7 மணிக்கு எல்லோரும் வீடு வந்ததும் கைப்பேசிகள் வைஃபையில் சேர்ந்து, அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தானாக மேலே ஏற்றத் தொடங்கும். மொட்டை மாடியில் இருக்கும் கேமராவும் ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை நிரம்பினால் இறக்கும் பாதையும் நின்றுபோகும். ஏனென்றால் வீடியோவின் ஒவ்வொரு துண்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கருவி பதில் அனுப்ப வேண்டும், அந்தச் சிறு பதில்கள் வரிசையில் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. இதைச் சோதிப்பது எளிது. இழுக்கும் நேரத்தில் வைஃபையை ரவுட்டரில் நிறுத்திவிட்டு, லேப்டாப்பை மட்டும் லேன் கேபிளில் செருகிப் பாருங்கள். கேமரா கேபிளில் இணைந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். இரண்டாவது சாளரம் உடனே 10, 20 என்று அமைதியானால் நெரிசல் உங்கள் வீட்டுடையது. படங்கள் ஏறுவதை நள்ளிரவுக்கு மாற்றுங்கள், அல்லது ரவுட்டரில் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வையுங்கள்.

லேன் கேபிள் பற்றி ஒன்று. 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேகச் சோதனையில் எப்போதும் 94, 95 என்றே வந்து நின்றால், லைனில் குறையில்லை. வழியில் எங்கோ ஒரு போர்ட் அல்லது கேபிள் 100இல் ஓடுகிறது. கேபிளுக்குள் எட்டு ஒயர்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பெட்டி சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அப்புறம் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, ஃபைல் இறங்கும்போது காட்டுவது பைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 12 எம்பி வாக்கில் காட்டினால் உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

வீட்டில் எதுவும் ஓடாதபோதும், கேபிளில் செருகியும், மாலையில் மட்டும் வேகம் விழுகிறது, பெட்டி தானாக அணையவில்லை, ஒளி அளவும் சரி என்றால், இப்போதுதான் நிறுவனத்தின் பக்கம் நெரிசல் என்று துணிந்து சொல்லலாம். ஜிபானில் ஓர் இழையில் இறங்கு வேகம் மொத்தமே ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், அதை அந்த 32 அல்லது 64 வீடுகளும் பகிர்கின்றன. அதைவிட, உள்ளூர் நிலையத்திலிருந்து வெளியே போகும் பாதையில் நிறுவனம் போதிய கொள்ளளவு வாங்கி வைக்காமல் விடும்போதுதான் நெரிசல் அதிகம் வரும். நான்கு நாள், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கேபிளில் வேகச் சோதனை செய்து ஒரு தாளில் எழுதுங்கள். வேகச் சோதனைத் தளம் பெரும்பாலும் அருகில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், அது உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருந்தால் எப்போதும் அழகான எண்தான் வரும். வேறு நிறுவனத்தின் சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்தும் பாருங்கள். அரிதாகச் சிக்கல் இன்னும் தொலைவில் இருக்கும். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் நத்தையானது. அப்படிப்பட்ட நாளில் வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் இழுக்கும், உள்ளூர்த் தளங்கள் ஓடும். ஒருசில நாள் பொறுப்பதைத் தவிர வழியில்லை.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொன்னால் மறுபடியும் ஆஃப்-ஆன்தான் கிடைக்கும். இப்படிச் சொல்லுங்கள்: "ரவுட்டருக்கு பிங் 1 மில்லிசெகண்ட், 8.8.8.8க்கு இரவு 9 மணிக்கு 300. லேன் கேபிளில் வேகம் காலையில் 95, இரவில் 11. ஒளி அளவு மைனஸ் 21." இதைக் கேட்பவரால் எழுதி வைத்த வழக்கமான பதிலைப் படித்துச் சமாளிக்க முடியாது, அடுத்த நிலைக்கு அனுப்பியே ஆக வேண்டும். டாக்கெட் எண்ணை, அதாவது புகாரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். அந்த எண் இருந்தால்தான், தீர்வு கிடைக்காதபோது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் உங்கள் தாளின் படத்தையும் விளக்குகளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

லைன் பார்க்க வருபவர் வெயிலில் கம்பம் ஏறுபவர், அவரிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. ஒரு டம்ளர் மோர் கொடுத்து, வேலை முடிந்ததும் பவர் மீட்டரில் என்ன எண் வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அறுந்தால், அன்றைய எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்த்ததும் லைன் தளர்ந்திருக்கிறதா இல்லையா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.